சண்முகத்தாய் பூட்டிய புறவாசல்

கண்புரை ஆபரேஷனுக்குச் சண்முகத்தாய் இரண்டு வருடம் சம்மதிக்கவில்லை. பயம் இல்லை. அறுவை முடிந்து ஒரு மாதம் குனியக் கூடாது, மண்ணைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் காரணம். "ஒரு மாசம் நான் குனியலன்னா என் கத்தரி என்னத்துக்கு ஆவும்?" என்று டாக்டரிடமே கேட்டிருக்கிறாள். டாக்டர் சிரித்திருக்கிறார். அவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் காலையில் பந்தலில் தொங்கிய பீர்க்கங்காயைப் பறிப்பதாக நினைத்து ஓணானைப் பிடித்துவிட்டாள். ஓணானுக்கும் காயமில்லை, அவளுக்கும் காயமில்லை. அன்றுதான் சரி என்றாள்.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி எடுத்து அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஓய்வு எனக்குச் சரிப்படவில்லை. கண், இடுப்பு, பக்கவாதம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். போகிற வீட்டிலெல்லாம் எனக்குப் பெயர் சிஸ்டர். சண்முகத்தாய் என்னைவிடச் சற்று இளையவள். மூன்றாம் நாளே என்னை, 'ஏடி' என்பது போல, "ஏளா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அதன் பிறகும் நான் அவளை 'அவர்' என்று எழுதினால் பொய்யாக இருக்கும்.

வீடு தூத்துக்குடி மில்லர்புரத்தில். கணவர் ராஜதுரை இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் தங்கதுரை. சிமெண்ட், குழாய், பெயிண்ட், தரைக்கல் விற்கும் கடை வைத்திருக்கிறான். மருமகள் சந்தனமாரி. தங்கதுரை நல்ல மகன்தான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவன்தான், என்னை ஏற்பாடு செய்ததும் அவன்தான். ஆனால் நான் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, வாசலில் நிறுத்தித் தணிந்த குரலில் ஒரு விஷயம் சொன்னான்.

"சிஸ்டர், அம்மாவ ஒரு மாசம் பொறவாசல் பக்கம் விட்டுராதீங்க. அதுக்குள்ள தரையைப் போட்டுருதேன்."

"எந்தத் தரை?"

மதில் ஓரம் கையைக் காட்டினான். பேவர் பிளாக் கற்கள் அடுக்கி வைத்திருந்தது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான். அவன் சொன்ன காரணங்களில் பொய் இல்லை. அம்மா போன வருடம் புறவாசலில் தண்ணீர்க் குழாய் தடுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தாள். காரைத் தெருவில் நிறுத்தினால் போகிற வருகிற வண்டியெல்லாம் உரசிவிட்டுப் போகிறது. தோட்டம் என்று பெயர்தானே தவிர அதில் காய் இல்லை.

"பூராம் மாவுப்பூச்சி. அதப் போயி காலையில இருந்து மத்தியானம் வர நசுக்கிக்கிட்டு இருக்கா. கண்ணக் கட்டியிருக்கும்போதே செஞ்சு முடிச்சிட்டா சண்ட மிச்சம்."

"நான் கண்ணுக்குத்தான் வந்திருக்கேன், கல்லுக்கு இல்ல" என்றேன். "அவங்களுக்குத் தெரியாம நீங்க செஞ்சா, தெரியப்படுத்துற ஆள் நானாத்தான் இருப்பேன்."

அவன் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டான்.

தூத்துக்குடியில் வீட்டுத்தோட்டம் போடுவது வீம்பு பிடித்தவர்கள் வேலை. போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். சித்திரை வெயிலில் மண் வெடிக்கும், வைகாசிக் காற்றில் இலை கருகும். சண்முகத்தாய் இதற்கெல்லாம் தனித்தனியாக வழி வைத்திருந்தாள். திரேஸ்புரத்தில் கிழிந்துபோன மீன்வலை வாங்கிப் பீர்க்குக்குப் பந்தல் கட்டியிருந்தாள். மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவிடமாட்டாள். நல்ல தண்ணீர் கலந்து கத்தரிக்கு ஊற்ற வேண்டும். அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

மகன் படுக்கும் அறையின் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அதில் துளி உப்பு கிடையாது. குழாய் முனையில் நீல டிரம் ஒன்றை வைத்திருந்தாள். மகனை ஏசி போடச் சொல்லி இப்படி நச்சரிக்கும் தாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாப்பிட்டுக் கை கழுவினாலே தொடங்கிவிடுவாள். "ஏலே, புழுங்குதுலா. போட்டுக்கிட்டுப் படுல. கரண்டு பில்லு பாத்தா உடம்பு என்னத்துக்கு ஆவும்?" அம்மாவுக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று தங்கதுரை என்னிடம் பெருமையாகச் சொன்னான். நான் நீல டிரம்மைப் பார்த்தேன்.

இத்தனை பாடுபட்டும் காய் இல்லாமல் போனதற்குக் காரணம் மாவுப்பூச்சி. செம்பருத்தி, பப்பாளி, கத்தரி மூன்றிலும் பஞ்சு ஒட்டியது போல அப்பிக் கிடந்து சாறு குடிக்கும். நுனி சுருண்டுபோகும். சண்முகத்தாய் தினமும் விடிந்ததும் பழைய டூத்பிரஷும் சோப்புத் தண்ணீருமாக இறங்குவாள். பார்வை மங்க மங்க, வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் நசுக்குவது என்று வைத்துக்கொண்டாள். அவற்றில் சில மற்றவற்றைவிடப் பெரிதாக, உடம்பைச் சுற்றி வெள்ளைச் சடை தொங்க இருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் பெரியாளு. "பெரியாளக் கொன்னாத்தாம்ளா சின்னதுக அடங்கும்" என்பாள். பெரியாளு அகப்பட்டால் அன்றைக்குக் காப்பி ருசிக்கும்.

ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாளே என்னிடம் சட்டம் பேசினாள்.

"குனியக் கூடாது. சரி. நாற்காலியில உக்காரலாம்லா?"

"உக்காரலாம்."

"பொறவாசல் நடையில நாற்காலியப் போட்டு உக்காந்தா அதுவும் உக்காருறதுதான?"

கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையைச் சுற்றிச் சுத்தமான துணி கட்டி உட்கார வைத்தேன். உட்கார்ந்த உடனே விரலை நீட்டினாள். "அந்தா வெள்ளையாத் தெரியுதுலா, அத நசுக்குங்க சிஸ்டர்."

"நசுக்க மாட்டேன். இந்த விரல்தான் உங்க கண்ணுல சொட்டு மருந்து விடுது."

"அப்பம் நீ நசுக்குளா சந்தனமாரி."

"யத்தை, தண்ணி வேணா ஊத்துதேன். பூச்சியத் தொடச் சொல்லாதீங்க. எனக்குக் கொமட்டும்."

"ரெண்டு பேரு, நாலு கை. ஒரு சவத்துப் பூச்சிய நசுக்க ஆளில்ல" என்று அன்று முழுவதும் முனகினாள்.

கல் விஷயத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். நோயாளிக்குத் தெரியாமல் நோயாளியின் காரியத்தை முடிப்பது எனக்குப் பழக்கமில்லை. நேராகவே சொன்னேன்: "உங்க மகன் பொறவாசல் பூரா கல் பதிக்கப் போறார். கல்லு வந்து இறங்கியாச்சு. கொத்தனார் வர வேண்டியதுதான் பாக்கி."

அழக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று எச்சரிக்கத் தயாராக இருந்தேன். அவசியப்படவில்லை. அவள் தாடையை மட்டும் ஒருமுறை அசைத்தாள்.

"எப்பம் வாரான்?"

"தெரியாது."

"வரட்டும்."

கொத்தனார் ஜேசுபாதம் மணல் லோடோடு வந்த காலை, நாற்காலியை நடையிலிருந்து தூக்கிக் கத்தரிப் பாத்திகளுக்கு நடுவில் போடச் சொன்னாள். தூசி படும் என்றேன். குடை பிடி என்றாள். பிடித்தேன். கறுப்புக் கண்ணாடியும் தலைக்கட்டும் குடையுமாக அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஜேசுபாதம் ரசமட்டத்தைக் கீழே வைத்தார்.

"ஆச்சி, கொஞ்சம் எந்திரிங்க. மட்டம் பாக்கணும்."

"என் தலையில வச்சுப் பாரும். நேராத்தான் இருக்கும்."

ஜேசுபாதம் தங்கதுரை பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நான் கல்லு பதிக்கத்தான் வந்தேன், ஆச்சியப் பதிக்க வரல. நீங்க பேசி முடிங்க. நான் போய் டீ குடிச்சிட்டு வாரேன்."

அவர் போனதும் தங்கதுரை என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் குடையைச் சரிசெய்தேன்.

"யம்மா, இங்கன என்ன இருக்குன்னு காவலுக்கு உக்காந்திருக்க? போன மாசம் பூரா பறிச்சது ஒரு குழம்புக்குக் காணாது. அதுலயும் பாதி சொத்த."

"கண்ணு தெரியாமப் பாத்தது அது."

"கண்ணு தெரிஞ்சா காய்ச்சிருமா?"

"காய்க்கும்."

"நீ இன்னொரு தடவ விழுந்தா யாரு பாக்கது?"

"விழுந்தா எந்திப்பேன். போன தடவையும் நான்தான எந்திச்சேன், நீயா எந்திச்ச?" பிறகு என்னைக் கேட்டாள். "சிஸ்டர், மறு கண்ணு ஆபரேஷன் எப்பம்?"

"இந்தக் கண் ஆறட்டும். ரெண்டு மாசம் கிட்ட ஆகும்."

"கேட்டுக்கோல. இங்கன ஒத்தக் கல்லு விழுந்தாலும் மறு கண்ண நான் தொடவிடமாட்டேன். ஒத்தக் கண்ணோட உன் கடை வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காருவேன். சிமெண்டு வாங்க வாரவன்கிட்ட எல்லாம் கதையச் சொல்லுவேன்."

அவள் செய்வாள் என்பது தங்கதுரைக்குத் தெரியும். மணலைக் காலால் தள்ளினான். அவனும் அவள் பெற்ற பிள்ளைதானே, பேரம் பேசாமல் விடவில்லை.

"சரி. மறு கண்ணுக்குப் போறதுக்கு முன்னால, இங்கன காய்ச்சத வச்சு வீட்டுக்கு ஒரு நேரச் சாப்பாடு போடு. கடைக்காய் ஒண்ணு கலக்கக் கூடாது. போட்டுட்டா கல்லக் கடைக்கே திருப்பிக் கொண்டு போயிருதேன். போடலன்னா ஜேசுபாதம் வருவாரு. நீ அன்னைக்கு வீட்டுக்குள்ள இருக்கணும், ஆமா."

"ஆமா."

"ஒரு மாசத்துக்குக் குனியக் கூடாது, மண்ணத் தொடக் கூடாது. அது மாறாது" என்று நான் இடையில் சொன்னேன்.

சண்முகத்தாய் கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள். "நீ எந்தக் கட்சிளா?"

"உங்க கண்ணுக் கட்சி."

அதன் பிறகு தண்ணீர் ஊற்றுவது சந்தனமாரி பொறுப்பாயிற்று. அவளுக்கும் கார் நிறுத்த இடம் வேண்டும்தான். ஆனால் நினைத்த நேரத்தில் கை நீட்டி ஒடிக்கும் முருங்கைக்கீரையை விடவும் மனமில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டால் "எனக்குச் சமையல் கெடக்கு" என்று நழுவிவிடுவாள். டிரம்மிலிருந்து மோந்து ஊற்றும்போது மாமியார் நாற்காலியிலிருந்து உத்தரவு போடுவாள். "வேருல ஊத்துளா, என் மூஞ்சியில ஊத்தாத." செடிகளுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஆனால் பூச்சியைத் தொட ஆளில்லை. எனக்கு மருந்துக் கை, சந்தனமாரிக்குக் குமட்டல், சண்முகத்தாய்க்குத் தடை. வெள்ளை வெள்ளையாகக் கூடிக்கொண்டே போவது நாற்காலியில் இருந்தே தெரிந்தது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் சின்னப் பெண்ணில்லை. ஆனால் எண்பது கிலோ நோயாளிகளைப் படுக்கையில் புரட்டிய கை இது.

கண் நன்றாக ஆறியது. பரிசோதனைக்குப் போய்வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்கு எப்பம் வெள்ளையடிச்சியோ?" என்பதுதான். யாரும் அடிக்கவில்லை. கண்புரை வழியாகப் பார்த்தால் எல்லாம் பழுப்பாகத் தெரியும், எடுத்த பிறகுதான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்று விளக்கினேன். பாதி கேட்டுக்கொண்டே புறவாசல் நடைக்கு நடந்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு குரல் வந்தது.

"ஏளா சிஸ்டர், இங்க வா. இது நடக்குது."

"எது?"

"பெரியாளு. மாவுப்பூச்சி எங்கயாவது இம்புட்டு வேகமா நடக்குமா? அது ஒட்டுனா ஒட்டுன எடத்துல கெடக்கும்."

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. செம்பருத்தியில் ஒரு கொப்பை வெட்டி ஸ்டீல் தட்டில் வைத்துக் கொண்டுவரச் சொன்னாள். வெட்டினேன், கையுறை போட்டுக்கொண்டுதான். தட்டை மடியில் வைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. தூரத்தில் தெரிந்தது கிட்டத்தில் தெரியவில்லை. புதுக் கண் அப்படித்தான், வாசிக்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். காதில் மாட்டாமல் கையில் பிடித்து, பூச்சிக்கும் கண்ணுக்கும் நடுவில் முன்னும் பின்னும் நகர்த்தினாள்.

கண்ணாடி இல்லாத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போவுது... போவுது... சின்னதுக் கிட்டப் போயிட்டு. எதுக்கு மோந்து பாக்குது? அடப்பாவி! திங்குதுளா! பெரியாளு சின்னதத் திங்குது! உறிஞ்சிட்டுத் தோல விட்டுட்டு அடுத்ததுக்குப் போவுது, பாரு!"

பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பம் நான் இத்தன நாளா நசுக்கினது?"

"சின்னதையும் நசுக்கியிருப்பீங்க."

"பெரியாளத்தான தேடித் தேடி நசுக்கினேன்."

சந்தனமாரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் கலங்கிவிடுவாளோ என்று அவளுக்குப் பயம். சண்முகத்தாய் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டும் ஒரே சட்ட போட்டுக்கிட்டுத் திரிஞ்சா நான் என்ன செய்ய? இன்னைக்குத் தெரிஞ்சுதுலா, போதும். ஏளா சந்தனமாரி, காப்பி போடு."

அந்தக் கொப்பைத் தண்ணீர்ப் போத்தலில் செருகி, அதில் ஊர்ந்த பெரியாளுகள் தப்பிப் போகாமல் பழைய சேலைத் துணியால் மூடிக் கட்டினோம். என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். அவற்றுக்குத் தீனியாக மாவுப்பூச்சி ஒட்டிய இலையை வெட்டிப் போடுவது என் வேலையாயிற்று. சம்பளத்துக்குள் அதுவும் சேர்த்தி. வேலைக்கு வந்த வீட்டில் பூச்சிக்கும் சோறு வைக்க வேண்டும் என்று யாரும் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. சில நாட்களில் சடை எல்லாம் ஒரு மூலையில் ஒட்டி அசையாமல் ஆகிவிட்டது. செத்துவிட்டது என்றேன். "பேசாம இருளா" என்றாள்.

வெளியே நசுக்க ஆளில்லாமல் பெரியாளுகள் பெருகியிருந்தன, கத்தரி துளிர்த்திருந்தது. பூவும் வைத்தது. கொத்தவரையில் பிஞ்சு. கடைக்குப் போகும் முன் தங்கதுரை புறவாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தான். பிறகு, கடையிலிருந்து வந்ததும் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஆசை தொற்றிவிட்டது. அதுதான் ஆபத்தாக முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்கு மருந்து விட்டுக் கண்ணை மூடிப் படுக்க வைத்திருந்தேன். புறவாசலில் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"தெளிப்பான் சத்தம்லா அது?"

ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். தங்கதுரை கடையிலிருந்து கைத்தெளிப்பான் கொண்டுவந்திருந்தான், பக்கத்துக் கடையில் யாரோ கொடுத்த பூச்சிமருந்தும். செம்பருத்தி முழுக்க அடித்து முடித்துவிட்டுக் கத்தரிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். சண்முகத்தாய் குறுக்கே போய்த் தெளிப்பான் வாயைக் கையால் பொத்தினாள்.

"ஏலே, வைக்கியா கீழ!"

"யம்மா, பூராம் மாவுப்பூச்சி ஏறிட்டும்மா. பெருசு பெருசா நடக்குது. பூ வச்ச நேரத்துல போயிரக் கூடாதேன்னுதான். பாவம், நீ தோத்துறக் கூடாதேன்னுதான்..."

"நீ எந்தக் கட்சில?"

அவனுக்கே தெரியவில்லை. நான் அவளை இழுத்து வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றவைத்து, கண்ணில் துளி படவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, வெளியே போய் அவனிடம் நான்கு வார்த்தை பேசினேன். அவை இங்கே வேண்டாம்.

செம்பருத்தியில் ஊர்ந்த பெரியாளு எல்லாம் அடியில் கொட்டிக் கிடந்தது. மூன்று செடிகளில் அதில்தான் பெரியாளு அதிகம். கத்தரியில் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. மகனைக் கூப்பிட்டுத் தட்டில் அள்ளிவந்து காட்டச் சொன்னாள். எது திங்கிறது, எது தின்னப்படுகிறது என்று சொன்னாள். "நானும் இதத்தான் செஞ்சேன்" என்றாள். "நீயும் செஞ்சிட்ட. என் பிள்ளைதான், சந்தேகமில்ல. போ, டிரம்முத் தண்ணி எடுத்து அந்தச் செம்பருத்தியக் கழுவி விடு."

அடுத்த வாரம் கத்தரி நுனியில் மறுபடியும் பஞ்சு கூடியது. அவள் விரல்கள் மடியில் துடித்ததைப் பார்த்தேன். இப்போது குனியலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. டூத்பிரஷ் ஜன்னலிலேயே இருந்தது. எடுக்கவில்லை. நான் கேட்டேன், எடுக்கலாமே என்று.

"எடுத்தா நசுக்குவேன். நசுக்க ஆரம்பிச்சா என் கை நிக்காது. எனக்கு என் கையத் தெரியும்."

அன்றோ மறுநாளோ ஜன்னலில் இருந்த போத்தலின் சேலைத் துணிக்குள் ஏதோ ஊர்ந்தது. கறுத்த உடம்பு, ஆரஞ்சு நிறத் தலை, மிளகைவிடச் சிறிய வண்டு. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எண்ண முடியாதபடி ஓடின. பொறிவண்டுக் குடும்பம்தான் என்று பார்த்த உடனே தெரிந்தது, புள்ளிதான் இல்லை. சண்முகத்தாய் போத்தலை அப்படியே கத்தரிப் பாத்திக்குத் தூக்கிப் போய்த் துணியை அவிழ்த்தாள். "போங்க, போய்த் தின்னுங்க. எம் மகன் கல்லு வாங்கி வச்சிருக்கான்" என்றாள்.

மறு கண் ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் இருந்தது இது: கத்தரிக்காய் புளிக்குழம்பு, கொத்தவரங்காய்ப் பொரியல், பீர்க்கங்காய்க் கூட்டு, முருங்கைக்கீரைத் துவட்டல். குழம்பில் கத்தரி மட்டும் தாராளம். மற்றவை ஆளுக்கு இரண்டு வாய் தேறும். தங்கதுரை உட்கார்ந்ததுமே வழக்கை ஆரம்பித்தான்.

"பொரியல்ல தேங்கா கெடக்கு. நம்ம பொறவாசல்ல தென்னை ஏது?"

"உப்பும்தான் கெடக்கு. நம்ம பொறவாசல்ல உப்பளம் ஏது? காய்னுதான பேச்சு. தின்னு."

"ஞாயித்துக்கிழம மீன் இல்லாம எப்படித் திங்க?"

"மீனு குழம்புல இல்ல, கத்தரிக்குள்ள இருக்கு. ரெண்டு மாசமா குடிச்சிருக்கு."

அவன் ஒரு கத்தரித் துண்டைத் திருப்பிப் பார்த்தான். புழு துளைத்த தடம் இருந்தது. விரலால் எடுத்துக் காட்டினான்.

"சொத்த."

"புழு இருந்த பக்கத்த வெட்டி எறிஞ்சிட்டுத்தான் போட்டேன். அது பாதி தின்னுச்சு, நீ மீதியத் தின்னு."

தின்றான். இரண்டாவது முறையும் சோறு வாங்கினான். குழம்புச் சட்டியைச் சந்தனமாரி சரித்து வழித்து ஊற்றினாள். அவன் கை கழுவி வருவதற்குள் சண்முகத்தாய் கேட்டாள்.

"கல்லு எப்பம் போவுது?"

"கையத் தொடைக்கவாவது விடுங்க அத்தை" என்றாள் சந்தனமாரி. அவள் மாமியார் கட்சி என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

லோடு ஆட்டோ மறுநாள் வந்தது. நான் அதை நிறுத்தினேன். நடையிலிருந்து தண்ணீர் டிரம் வரைக்கும் நடப்பதற்கு ஒரு வரிசைக் கல் வேண்டும், இல்லாவிட்டால் மறு கண்ணும் ஆறுவதற்குள் இவள் திரும்ப விழுவாள் என்றேன். சண்முகத்தாய் என்னோடு சண்டைக்கு வந்தாள். கல்லே வேண்டாம் என்று இரண்டு மாதம் நின்றவள் நான் சொன்னதற்காகப் பதிப்பதா? "அப்ப வேற சிஸ்டரப் பாருங்க" என்றேன். ஜேசுபாதம் வந்து ஒரு வரிசை பதித்தார். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல்லுக்குக் கல் விரல் விட இடம் விடவேண்டும், எறும்பும் மண்புழுவும் போக வர இருக்க வேண்டும் என்று அவர் உயிரை எடுத்தாள். கார் இன்னமும் தெருவில்தான் நிற்கிறது. உரசல் கூடியிருக்கிறது. தங்கதுரை அதைப் பற்றி முணுமுணுக்காத நாள் இல்லை.

ஆபரேஷனுக்குப் புறப்படும் காலையில் புறவாசல் கதவைப் பூட்டினாள். சாவியை ஊக்கில் கோத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தோடு, வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். கழற்றி மகனிடம் கொடுத்தாள். சாவியை மட்டும் என் கையில் வைத்தாள்.

தங்கதுரைக்கு முகம் வாடிவிட்டது. "யம்மா, ஜெயிச்ச பொறவும் பூட்டணுமா?"

"ஜெயிச்சதுனாலதான் பூட்டுதேன். நான் தோத்திருந்தா நீ சும்மா இருப்ப. இப்பம் உதவி செய்ய வருவ."

தியேட்டருக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே நல்ல குளிர் என்று எனக்குத் தெரியும், பயந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். கதவு சாத்துவதற்கு முன்னால் அவள் குரல் கேட்டது, உள்ளே இருந்த நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா, இம்புட்டுப் பெரிய ஏசி ஓடுதே, இதுல விழுற தண்ணிய எங்கன விடுதியோ?"